குளிர்காலத்துக்கு ஒரு கறுப்பு பீர்

அந்தமானில் குளிர்காலம் கிடையாது என்று சொல்கிறவர்கள் அரசாங்கக் கோப்புகளைப் படித்தறியாதவர்கள். கோப்பின்படி எங்கள் குளிர்காலம் டிசம்பர் ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்குத் தொடங்கி, ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி மாலை ஐந்தரைக்கு முடிகிறது. நடுவில் ஞாயிற்றுக்கிழமைகளிலும் இரண்டாம் சனிக்கிழமைகளிலும் குளிருக்கு விடுமுறை. அந்த இரண்டு மாதமும் மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருக்கும், முதுகில் வேர்வை வழிந்துகொண்டுதான் இருக்கும். அதெல்லாம் வானிலை சமாசாரம். குளிர்காலம் நிர்வாக சமாசாரம்.

இந்த நிர்வாகக் குளிரை நம்பித்தான் போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் இருக்கும் ரவிசங்கர் வசமாக மாட்டிக்கொண்டார்.

ரவிசங்கரின் குடும்பம் கைதிகள் காலத்திலேயே தீவுக்கு வந்தது. பூட்டனார் என்ன குற்றத்துக்காகக் கப்பலேற்றப்பட்டார் என்பதற்குச் சுதந்திர தினத்தில் ஒரு கதையும் சொத்துத் தகராறில் இன்னொரு கதையும் வீட்டில் உண்டு. இவர் தீவுகளுக்கிடையே ஓடும் படகுகளின் இன்ஜின் அறையில் இருபத்திரண்டு வருஷம் எண்ணெயோடும் சத்தத்தோடும் கிடந்து, இடது காது பாதி போன பிறகு வேலையை விட்டார். மனைவி மீனாம்பாளோடு சேர்ந்து எட்டு மேஜை போட்டு ஒரு சாப்பாட்டுக் கடை திறந்தார். கடைக்குப் பின்னால், முறையான லைசென்சோடு, இருநூறு லிட்டர் பிடிக்கும் ஒரே ஒரு எவர்சில்வர் தொட்டி வைத்து, சொந்தமாக பீர் காய்ச்சினார்.

அப்போதுதான் "பருவகாலப் பானம்" என்று ஒரு திட்டம் வந்தது. குளிர்காலத்துக்கென்று யாராவது புதுவகை பீர் போட்டால் தனி அனுமதி கொடுப்பார்களாம். குளிர் நாடுகளில் ஸ்டவுட் என்று கறுப்பாக, கெட்டியாக ஒன்று குடிக்கிறார்கள் என்று ரவிசங்கர் தெரிந்துகொண்டார். பார்லியைக் கரியும் பதத்துக்கு வறுத்துப் போடுவதால் வரும் கறுப்பு அது. அதில் காபி டிகாக்‌ஷனும் சேர்த்தால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. காபித் தூள், பஜாரில் இருக்கும் நசீருதீன் பாய் கடைத் தூள். ஆறு தடவை போட்டு ஆறு தடவையும் வாய்க்காலில் ஊற்றினார். ஒன்று மருந்து மாதிரி இருந்தது, இன்னொன்று மருந்தே தேவலை என்று இருந்தது. ஏழாவது தடவை சரியாக வந்தது.

மீனாம்பாள் பொதுவாக இதையெல்லாம் தொடுவதில்லை. அன்றைக்கு ஒரு கரண்டி வாயில் விட்டுப் பார்த்துவிட்டு, "முதல்ல கசக்குது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தா நல்லாத்தான் இருக்கு. உங்களை மாதிரி," என்றாள்.

ஐம்பத்தோரு வயது வரை அடுத்தவர் செய்த இன்ஜினைத் துடைத்த மனிதர் அவர். தானே ஒரு பொருளைச் செய்து அது சரியாக வந்த சந்தோஷம் அவருக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நாலு பேர் அதைக் குடித்துவிட்டு "இது ரவி போட்டது" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. பெரிய ஆசை இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

தீவுப் பருவகாலப் பானங்கள் சுவைத்தகுதி வாரியம் என்பது மாடியில் இரண்டு அறை. தலைவர் ஈஸ்வரன். அவரும் எங்கள் தீவுக்காரர்தான், ஆனால் இரண்டு முறை மெயின்லேண்டுக்கு, அதாவது கடல் தாண்டிப் பெருநிலத்துக்கு, பயிற்சிக்குப் போய்வந்தவர். அந்தப் பயிற்சியில் கொடுத்த ஸ்வெட்டரை டிசம்பர் ஒன்றாம் தேதி போட்டால் ஜனவரி முப்பத்தொன்றில்தான் கழற்றுவார். ரவிசங்கர் விண்ணப்பத்தோடு போனபோது அவர் அந்த ஸ்வெட்டரில் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

விண்ணப்பத்தை வாங்கிய இரண்டாம் நாள் வாரியத்து ஆட்கள் வந்து, மாதிரிக்குச் சில பாட்டில் எடுத்துக்கொண்டு, தொட்டிக்கு அரக்கு வைத்துவிட்டுப் போனார்கள். சான்றிதழ் வரும்வரை தொட்டியைத் திறக்கக் கூடாது. இருப்பதே ஒரு தொட்டி. ஆகவே வேறு பீரும் காய்ச்ச முடியாது. குளிர்காலம் முடிவதற்குள் சான்றிதழ் வராவிட்டால் தொட்டியில் இருப்பதைக் கீழே கொட்ட வேண்டும். இதை அவர்கள் மிகவும் மரியாதையாகச் சொல்லிவிட்டு, கடையில் மீன் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

வாரியத்தின் வேலைமுறையை இங்கே சொல்லியாக வேண்டும். உறுப்பினர்கள் ஐந்து பேர். ஐவரும் ஆயுளில் ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தவர்கள். குடிக்கிற பழக்கம் உள்ளவருக்குக் குடியில் சொந்த அக்கறை இருக்கும், சொந்த அக்கறை உள்ளவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது விதி. அப்படியானால் சுவைப்பது யார்? அதற்குச் சுவைஞர் என்று ஒரு பதவி உண்டு. சுவைஞர் குடிப்பார். உறுப்பினர்கள் அவர் முகத்தைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். சுவைஞர் கருத்து சொல்லக் கூடாது. கருத்து வாரியத்தின் வேலை.

சுவைஞர் கௌதம் அப்போது ஊரில் இல்லை. முந்தைய வருஷம் ஒரு மாம்பழ பீரைக் குடித்துவிட்டு "நல்லா இருக்கு சார்" என்று வாய்தவறிச் சொன்னதற்காக அவரைத் தீவுகளின் தெற்குக் கோடியில் உள்ள கேம்பல் பேக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே தென்னங்கன்றுகளைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தவரைத் திரும்ப அழைத்து, அவர் கப்பல் பிடித்து வந்து சேர எட்டு நாளாயிற்று.

வந்தவுடன் அடுத்த சிக்கல். குளிர்காலப் பானத்தைக் குளிர்காலச் சூழ்நிலையில்தான் சுவைக்க வேண்டும், அதாவது பன்னிரண்டு டிகிரிக்குக் கீழே. அன்றைக்குப் போர்ட் பிளேரில் முப்பது. தலைவர் அறையில் ஏ.சி. இருந்தது, ஆனால் மின்சாரம் மிச்சம் பிடிக்கும் சுற்றறிக்கைப்படி இருபத்து நாலுக்குக் கீழே வைக்கக் கூடாது. இரண்டு விதிகளையும் மீறாமல் ஈஸ்வரன் ஒரு வழி கண்டுபிடித்தார். கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிக்குப் பக்கத்தில் தனியார் ஒருவருக்கு மீன் வைக்கும் குளிர்க்கிடங்கு இருந்தது. அங்கே மைனஸ் பதினெட்டு. பன்னிரண்டுக்குக் கீழே என்றுதான் விதி, எவ்வளவு கீழே என்று இல்லை.

டிசம்பர் பதினெட்டாம் தேதி காலை பதினோரு மணிக்கு வாரியம் மீன் கிடங்குக்குள் கூடியது. தொங்கிக்கொண்டிருந்த சூரை மீன்களுக்கு நடுவே ஐந்து நாற்காலி. கம்பளிக்கு வழியில்லாத உறுப்பினர்கள் வீட்டுப் போர்வையும் கப்பலில் கொடுக்கும் மஞ்சள் மழைக்கோட்டும் போட்டிருந்தார்கள். காபிக்குச் சாட்சியாக நசீருதீன் பாயையும் அழைத்திருந்தார்கள். இதில் இருப்பது காபிதான் என்று உறுதி சொல்ல முடியுமா என்று அவரிடம் கேட்டார்கள்.

"தூள் என் கடைத் தூள். அது வரைக்கும் நான் சாட்சி," என்றார் அவர். "கடையை விட்டு இறங்கினதுக்கு அப்புறம் அது எங்க போச்சு, யாரோட சேர்ந்துச்சுன்னு எனக்குத் தெரியாது சார்." சொல்லிவிட்டு, பல் கிட்டிப்பதற்குள் வெளியே வெயிலுக்குப் போய்விட்டார்.

கௌதம் ஒரு கிளாஸ் குடித்தார். ஐந்து பேரும் எழுந்து கிட்டே வந்து அவர் முகத்தைப் பார்த்தார்கள். முகம் விறைத்துப்போயிருந்தது. இன்னொரு கிளாஸ் கொடுத்துப் பார்த்தார்கள். புருவத்தில் பனி படர்ந்ததைத் தவிர வேறு மாறுதல் இல்லை. ஓர் உறுப்பினர் "மணம்" என்ற கட்டத்தில் "சூரை" என்று எழுதினார். இன்னொருவர் "திருப்தி" என்ற கட்டத்தில் "கிடங்கு திருப்தி" என்று எழுதினார். ரவிசங்கர் ஓரத்தில் நின்று, நான் போட்டதைப் பற்றி ஒரு வார்த்தையாவது எழுதுங்களேன் என்று கேட்க நினைத்தார். வாய் திறக்கவில்லை. மரியாதை ஒரு காரணம், உதடு உறைந்தது இன்னொரு காரணம்.

அந்தக் கூட்டத்தின் தீர்மானம் இதுதான்: செயற்கைக் குளிரில் முகபாவம் தெரிவதில்லை, ஆகவே மாதிரியை அசல் குளிர் அடிக்கும் மெயின்லேண்டுக்கு அனுப்பி அங்கே சுவைக்கச் செய்ய வேண்டும்.

எங்கள் ஊரில் ஒரு விஷயத்தை மெயின்லேண்டுக்கு அனுப்பிவிட்டோம் என்றால் அது முடிந்துவிட்டது என்று பொருள். நோயாளியை அனுப்பினாலும் அப்படித்தான், கோப்பை அனுப்பினாலும் அப்படித்தான். ஆறு பாட்டில் ஸ்டவுட் ஒரு மரப்பெட்டியில் கப்பல் ஏறியது. ரவிசங்கர் தினமும் ஜெட்டிக்குப் போய்க் கப்பல் செய்தி கேட்டார். தினமும் தொட்டிக்கு முன்னால் போய் நின்று அரக்கைத் தொட்டுப் பார்த்தார். கடையில் பீர் இல்லாததால் எட்டு மேஜையில் ஐந்து காலியாக இருந்தன. மீனாம்பாள் அந்த ஐந்தையும் தினம் துடைத்தாள். கோபம் வந்தால் அவள் துடைப்பாள்.

பெட்டி மெயின்லேண்டில் எந்த அலுவலகத்துக்குப் போயிற்றோ, அந்த அலுவலகம் இரண்டு வருஷத்துக்கு முன்பே மூடப்பட்டிருந்தது. வாங்க ஆள் இல்லாமல், பெட்டியைத் திறக்காமலேயே, மேலே நாலைந்து முத்திரை குத்தி அடுத்த கப்பலில் திருப்பி அனுப்பினார்கள். ஜனவரி இருபதாம் தேதி அது போர்ட் பிளேர் ஜெட்டியில் இறங்கியது. ஜெட்டியில் "மெயின்லேண்ட் வரவு" என்று ஒரு சீல் வைத்தார்கள். வாரியத்து வரவுப் பதிவேட்டில் கிளார்க் முத்திரைகளைப் பார்த்து, "மெயின்லேண்டிலிருந்து வந்த ஸ்டவுட், ஆறு பாட்டில்" என்று எழுதினார். எழுதியது தப்பு என்றும் சொல்ல முடியாது.

ஈஸ்வரன் அதைப் படித்துவிட்டு உணர்ச்சிவசப்பட்டார். நாம் ஒரு மாதிரி அனுப்பினோம், அவர்கள் பெருந்தன்மையோடு தங்களுடைய ஸ்டவுட்டையே அனுப்பி, இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று வழிகாட்டியிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டார். உடனே ஒப்பீட்டுக் கூட்டம் கூட்டினார்.

இந்த முறை அலுவலகத்திலேயே நடந்தது. மெயின்லேண்டே சம்பந்தப்பட்ட பிறகு டிகிரி ஒரு பொருட்டில்லை. மேஜையின் ஒரு பக்கம் மரப்பெட்டி பாட்டில், அதற்கு ஒரு பூ வைத்திருந்தார்கள். மறுபக்கம் ரவிசங்கரின் தொட்டியிலிருந்து அரக்கை உடைத்து, எடுத்து, மறுபடி அரக்கு வைத்துக் கொண்டுவந்த ஒரு குப்பி. பாட்டிலின் கழுத்தில் தன் கையால் கட்டிய நீல நூலைப் பார்த்ததும் ரவிசங்கருக்கு விஷயம் புரிந்துவிட்டது. எழுந்து நின்றார். கேள்வி நேரம் கடைசியில் என்று உட்கார வைத்தார்கள்.

கௌதம் முதல் கிளாஸைக் குடித்தார். உறுப்பினர்கள் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார்கள். இரண்டாவது கிளாஸைக் குடித்தார். உறுப்பினர்கள் உச்சுக் கொட்டிக்கொண்டே எழுதினார்கள். கௌதம் ரவிசங்கரைப் பார்த்தார், கிளாஸ்களைப் பார்த்தார், தன் சர்வீஸில் மிச்சமிருக்கும் வருஷங்களையும் பார்த்திருப்பார் போல. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ரெண்டும் ஒண்ணுதான் சார்."

அடுத்த வாரமே அவரைத் திக்லிபூருக்கு மாற்றினார்கள். கேம்பல் பேக்குத் தெற்கே அனுப்ப அலுவலகம் இல்லாததால் வடக்கே அனுப்ப வேண்டியதாயிற்று.

ஈஸ்வரன் எழுந்து தீர்ப்பு வழங்கினார். இந்தி கலந்த அவருடைய பேச்சை அப்படியே தருகிறேன். நான் கூட்டியது ஒன்றும் இல்லை.

"தேகோ ரவிசங்கர்ஜி, மனசுல வெச்சுக்காதீங்க. முகத்தைப் பார்த்தா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியும். நிறமும் ஒண்ணு, நுரையும் ஒண்ணு. நான் ஒத்துக்கிறேன். ஆனா அனுபவம்னு ஒண்ணு இருக்கு இல்ல? முப்பது வருஷமா நான் ஒரு சொட்டு தொட்டதில்லை. அதனால எனக்குப் பாரபட்சம் கிடையாது. நம்ம ஊர் தேங்காய் நல்லா இருக்கும், நம்ம ஊர் மீன் நல்லா இருக்கும், அதை யாரும் செய்யல, அதனால நல்லா இருக்கு. நம்ம ஆளு கைவெச்சா மட்டும் ஏதோ குறையுது. என்னையே எடுத்துக்குங்க. இங்க பொறந்து வளர்ந்தவன்தான். ரெண்டு தடவை மெயின்லேண்ட் போய்ட்டு வந்த பிறகுதானே என்னைத் தலைவர் ஆக்கினாங்க? பஸ், அவ்வளவுதான், அதான் வித்தியாசம்."

கேள்வி நேரம் வந்தது. ரவிசங்கர் நீல நூலைக் காட்டினார். இது தான் அனுப்பிய அதே பாட்டில், மெயின்லேண்டில் யாரும் திறக்கவே இல்லை, வேண்டுமானால் எண்ணிப் பாருங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். ஈஸ்வரன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். மெயின்லேண்டிலிருந்து வந்தது என்று மையில் எழுதியிருந்தது. நூல் அவிழும், மை அழியாது என்றார். பெட்டி ஸ்டவுட்டுக்கு முதல்தரச் சான்றிதழ். தொட்டி ஸ்டவுட் தரமற்ற நகல், ஜனவரி முப்பத்தொன்றுக்குள் தொட்டி காலியாக வேண்டும்.

ரவிசங்கர் அன்று வீட்டுக்கு நடந்தே வந்தார். சாப்பிடவில்லை. ஏழு தடவை போட்டதில் ஆறு கெட்டதுகூட அவருக்கு வருத்தமாக இல்லை. நன்றாக வந்த ஒன்றை நகல் என்று சொல்லிவிட்டார்களே, அதுவும் அதற்கே அது நகல் என்று சொல்லிவிட்டார்களே என்றுதான் மீனாம்பாளிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மறுநாள் மீனாம்பாள் முந்தானையைச் செருகிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். சண்டை போடுவாள் என்று ரவிசங்கர் பயந்துகொண்டே பின்னால் போனார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, விவரம் தெரியாதவள் போலக் கேட்டாள்.

"சார், ஒரு சரக்கு மெயின்லேண்ட் சரக்குன்னு எதை வெச்சு முடிவு பண்றீங்க?"

"ஜெட்டி சீல் இருக்கணும்மா."

"சீல் இருந்தா போதுமா?"

"சீல் இருந்தா மெயின்லேண்ட். சீல் இல்லைன்னா, மெயின்லேண்டே நேர்ல வந்து நின்னாலும் நாங்க ஏத்துக்க மாட்டோம்," என்றார் ஈஸ்வரன் பெருமையோடு.

சான்றிதழ் பெற்ற மெயின்லேண்ட் ஸ்டவுட்டை இங்கே விற்க யாராவது ஏஜென்ட் இருக்கிறார்களா என்று கேட்டாள். இல்லை என்றார்கள். ஒரு பக்க விண்ணப்பம் கொடுத்தாள். உள்ளூரில் எதையும் செய்யாதவர்களுக்கான விண்ணப்பம் என்பதால் நாற்பது நிமிடத்தில் அனுமதி கையில் கிடைத்தது.

மெயின்லேண்ட் கப்பல் அப்போது ஜெட்டியில் நின்றுகொண்டிருந்தது. அதன் இன்ஜின் அறையில் குணா இருந்தான், ரவிசங்கரிடம் படகில் தொழில் பழகியவன். ஜனவரி முப்பதாம் தேதி காலை வாரியத்து ஆள் வந்து அரக்கை உடைத்து, தொட்டி காலியாவதைக் கண்ணால் பார்த்து, "காலி" என்று எழுதிக்கொண்டு போனார். எதற்குள் காலியானது என்று எழுத அவருடைய படிவத்தில் கட்டம் இல்லை. தொட்டியிலிருந்து நிரப்பிய எட்டு பீப்பாய்களும் கப்பலின் முன்பக்க ஏணியில் ஏறின. குணாவும் இரண்டு பேரும் தளம் வழியாக அவற்றை உருட்டிக்கொண்டு போய், பின்பக்க ஏணியில் இறக்கினார்கள். மெயின்லேண்ட் பயணம் மொத்தம் பதினோரு நிமிடம். எங்கேயிருந்து வருகிறது என்று ஜெட்டியில் கேட்டார்கள். கப்பலிலிருந்து என்றான் குணா. சீல் விழுந்தது.

மறுநாள், குளிர்காலத்தின் கடைசி நாள், ரவிசங்கர் கடையில் எட்டு மேஜையும் நிரம்பி, வாசலில் ஆட்கள் நின்றார்கள். ஈஸ்வரன் ஸ்வெட்டரோடு வந்து, குடிக்காமல், திறந்துவைத்தார். இதைப் பார்த்து உள்ளூர்க்காரர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எல்லோரும் குடித்தார்கள். என்ன நுரை, என்ன மணம், மெயின்லேண்ட் மெயின்லேண்ட்தான் என்று பேசிக்கொண்டார்கள். டெய்ரி ஃபார்ம் பெரியவர் ஒருவர் ரவிசங்கரின் தோளைத் தட்டி, நீயும் என்னமோ போட்டியாமே, விடாதே, இதில் பாதி வந்தாலே பெரிசு என்று ஆறுதல் சொன்னார். ஆறுதல் சொன்னவருக்கு ரவிசங்கர் இன்னொரு கிளாஸ் ஊற்றினார். உள்ளே மீனாம்பாள் ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கொஞ்சம் குறைந்த பிறகு குணா வந்தான். பீப்பாயை உருட்டியவனாவது உண்மையைச் சொல்வான் என்று ரவிசங்கர் தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்து எதிரில் உட்கார்ந்தார். குணா நிதானமாகக் குடித்தான். கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"அண்ணே, நீங்க போட்டதுதான், நான் இல்லேங்கல," என்றான். "ஆனா போன மாசம் அரக்கு வைக்கிறதுக்கு முன்னாடி உங்க வீட்டுல குடுத்தீங்களே, அதுல இது இல்லண்ணே. கப்பல் ஏறி இறங்கினா ஒரு ருசி வருது பாருங்க."

ரவிசங்கர் சிரித்தார். சிரித்துவிட்டு, யாரும் பார்க்காதபோது பீப்பாயிலிருந்து அரை கிளாஸ் பிடித்து ஒரு வாய் குடித்தார். கொஞ்சம் நிறுத்தி இன்னொரு வாய் குடித்தார். அவருக்கும் அப்படித்தான் இருந்தது.

மீனாம்பாளிடம் மட்டும் அவர் இதைச் சொல்லவில்லை.